நைனாவின் மூச்சும் நான் கட்டிய ஈரத்துண்டும்

தமிழில் மூச்சை வைத்துக்கொண்டு நாம் செய்கிற அலட்டல் கொஞ்சநஞ்சமல்ல. ரகசியத்தை வெளியே சொல்லாதே என்பதற்கு மூச்சு விடாதே என்கிறோம். கல்யாணப் பந்தியில் மூச்சு முட்டத் தின்கிறோம். ஒரு தடிப் புத்தகத்தை ஒரே மூச்சில் படித்தேன் என்று பீற்றிக்கொள்கிறோம் (நடுவில் இரண்டு தரம் தூங்கியதைச் சொல்வதில்லை). மூச்சுக்கு மூச்சு மகன் புராணம் பாடும் தாய்மார்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். நிஜ மூச்சு, அதாவது மூக்கு வழியே சும்மா போய் வருகிற காற்று, ஒரு மனிதருக்குப் போதாமல் போகும்போதுதான் இதெல்லாம் எவ்வளவு பெரிய கொழுப்பு என்று உறைக்கிறது. எங்கள் வீட்டில் அது நைனாவுக்குப் போதாமல் போனது.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். துறைமுகத்துப் பக்கம் ஒரு கரி யார்டில் கிரேன் ஓட்டினார். வேலை முடிந்து திருவொற்றியூர் வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கருப்பாகிவிடும். அதை அம்மா தனி வாளியில் போட்டுத் துவைப்பாள். பீடி, சிகரெட் எதையும் அவர் தொட்டதில்லை. ஆனாலும் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "எத்தனை வருஷமா பீடி?" என்றுதான் முதலில் கேட்டார். நைனா வெளியே வந்து, "புடிக்காமயே புடிச்சவன்னு பேரு வந்துச்சு பாரு. இதுக்கு ரெண்டு கட்டு புடிச்சித் தொலச்சிருக்கலாம்" என்று சிரித்தார். சிரித்ததும் இருமல் வந்தது. அது நிற்கிறவரை நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அதற்கப்புறம் வீட்டுக்கு ஆக்சிஜன் மிஷின் வந்தது. சின்ன அலமாரி உயரம். கரண்டில் ஓடும். பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில், அதன் வழியே காற்று குமிழியிட்டு வந்து, நீளமான டியூப் வழியாக நைனாவின் மூக்குக்குப் போகும். டாக்டர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று அம்மா எங்களிடம் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கே என் கல்யாணப் பேச்சை எடுத்தாள்.

நைனாவுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. எங்கள் மாதா கோயில் வழக்கப்படி கல்யாணத்தன்று பெண்ணை அவள் அப்பாதான் கையைப் பிடித்து வாசலிலிருந்து பீடம் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போய் மாப்பிள்ளையிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த நடையை நடந்துவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. கட்டிலிலிருந்து வாசல்படி வரை தினமும் நடந்து பார்ப்பார். படியைத் தொட்டுவிட்டால் அன்று முழுவதும் உற்சாகமாக இருப்பார். தொட முடியாத நாட்களில், "இன்னிக்கி வெயிலு ஜாஸ்தி" என்பார். அது மார்கழி மாதமாக இருக்கும்.

இந்த இடத்தில் என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். நான் அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். எட்டாம் வகுப்புக்குச் சுவாச மண்டலம் நடத்துபவள். பலகையில் இரண்டு நுரையீரலையும் வரைந்து, வண்ணச் சாக்பீஸால் அம்புக்குறி போட்டு, காற்று எப்படி உள்ளே போகிறது, எப்படி வெளியே வருகிறது என்று பிள்ளைகளுக்கு உருகி உருகிச் சொல்லிக் கொடுப்பேன் (என் கையில் நுரையீரல் எப்போதும் புடலங்காய் மாதிரிதான் வரும், அது வேறு விஷயம்). இவ்வளவு படிப்பாளி அன்று என்ன செய்தாள் என்பதுதான் கதை.

ஏற்கனவே ஒரு சம்பந்தம் முடிகிற மாதிரி வந்தது. பையன் வீட்டார் நைனாவின் மூக்கில் டியூபைப் பார்த்து, "பரம்பரையா வர்றதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம் அவர்களிடமிருந்து பேச்சு மூச்சு காணோம். அதனால் எண்ணூரிலிருந்து அடுத்த வரன் வந்தபோது, அதைக் கொண்டுவந்த பிலோமினா அத்தை, அதாவது நைனாவின் தங்கை, கட்டுப்பாட்டை முழுதாகத் தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

"மிஷினைப் பத்தி வர்றவங்க முன்னால யாரும் மூச்சு வுடக் கூடாது. இன்னா, புரிஞ்சிதா?"

"நானு?" என்றார் நைனா.

"நீ பேசவே பேசாத அண்ணே. ரெண்டு வார்த்தை பேசினா மூணாவதுக்கு உனக்கு இஸ்துக்கும். கேட்டா ஆமான்னு சொல்லு, இல்லன்னு சொல்லு. கம்முனு குந்து."

ஏற்பாடு இதுதான். மிஷின் உள்ளறையில் ஓடிக்கொண்டிருக்கும். நைனா கூடத்தில், உள்ளறைத் திரைக்குப் பக்கத்து நாற்காலியில், டியூப் இல்லாமல் உட்கார்ந்திருப்பார். முடியாதபோது போன் வந்த மாதிரி எழுந்து உள்ளே போய் ஆக்சிஜன் பிடித்துக்கொண்டு வருவார். அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. "என் புருசன் மூச்ச ஒளிச்சிவெச்சி எம்பொண்ணுக்கு வாழ்க்கையா?" என்று அழுதாள். நைனாதான், "கொஞ்ச நேரம்தான? நான் பாத்துக்கறேன்" என்று அவளைச் சமாதானப்படுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை ஜெரால்டு, மாதவரத்தில் லாரி புக்கிங் ஆபீசில் வேலை. அவருடைய அம்மா, பட்டுப்புடவையில், எதையும் சத்தமாகவே பேசுகிறவர். கூடவே வேன் நிறைய உறவு. கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் ஒழுங்காகப் போயின. நைனாவின் பாகம்தான் சரியாக வரவில்லை.

"சம்பந்தி இன்னா வேலை பாத்தீங்க?"

"கிரேனு."

"எங்க?"

"ஹார்பர்."

"பொண்ண ரொம்பச் செல்லமா வளத்தீங்களோ?"

"ஆமா."

மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், கூடம் முழுவதும் கேட்கும்படி, "இன்னாடா இந்த மனுசன் ராங்கி காட்றாரு" என்று ரகசியம் பேசினார். நைனாவுக்கு வழியில் போகிறவரை நிறுத்தி வைத்துப் பேசுகிற பழக்கம் உண்டு. கிரேன் உச்சியிலிருந்து கீழே இருக்கிற ஆளோடு குடும்பக் கதை பேசியவர். அவரை ராங்கி என்று சொன்னதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. (பெண் வெட்கப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள்.)

"ஆமா, உள்ள இன்னா அது களகளன்னு சத்தம்?" என்றார் அந்த அம்மா.

அத்தை என்னைப் பார்த்தாள். அம்மாவும் என்னைப் பார்த்தாள். அந்த வீட்டில் படித்தவள் நான்தானே.

"மீன் தொட்டி ஆன்ட்டி" என்றேன்.

அதுவரை கேசரியோடு மட்டும் உறவாடிக்கொண்டிருந்த ஜெரால்டு முதல் முறையாகத் தலையைத் தூக்கினார். "அப்படியா? எங்க வூட்லயும் வளக்கறேன். நீங்க இன்னா மீனு வெச்சிருக்கீங்க?"

உலகத்தில் எத்தனையோ வளர்ப்பு மீன்கள் இருக்கின்றன. ஒன்றின் பெயர்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை. முந்தின நாள் காசிமேட்டிலிருந்து அம்மா வாங்கிவந்ததுதான் வாயில் வந்தது.

"வஞ்சிரம்."

கூடத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

"தொட்டியிலயா?"

"சின்னதுதான்" என்றேன்.

நைனாவின் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்குகிறார். இந்த வியாதியில் சிரிப்பைப் போல மூச்சைச் சாப்பிடுவது எதுவுமில்லை. அவருடைய உதட்டு நிறம் மாறுவதை நான் பார்த்தேன். போன் வந்திருக்கிறது என்று சொல்லி அவரை எழுப்ப வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

கரண்ட் போனால் அந்த மிஷின் கத்தும். உள்ளே ஒரு மனிதருக்குக் காற்று நின்றுவிட்டது, யாராவது உடனே வாருங்கள் என்று அதற்கு அர்த்தம். மிஷின் வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் கரண்ட் போனதே இல்லை. மிஷின் கொண்டுவந்து வைத்தவர் ஒரு தரம் அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டியிருந்தார், அவ்வளவுதான். இப்போது அது திரைக்குப் பின்னாலிருந்து வீல் என்று ஆரம்பித்து நிற்காமல் அலறியது.

எண்ணூர், மணலி, திருவொற்றியூர் ஜனங்களைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சுற்றிலும் தொழிற்சாலைகள். நாங்கள் தூங்கினாலும் எங்கள் மூக்கு தூங்காது. ஏதாவது வாடை வந்தால் ஜன்னலைச் சாத்துவோம், கண் எரிந்தால் துணியை நனைத்து மூக்கில் கட்டுவோம். சைரன் மாதிரி ஏதாவது கேட்டுவிட்டால் என்ன ஏது என்று விசாரிக்கிற வழக்கமே கிடையாது, முதலில் ஓடிவிட்டு அப்புறம்தான் விசாரணை.

"காஸு! காஸு வுட்டுட்டானுங்கோ! மூக்கப் பொத்துங்கோ!" என்று எழுந்தார் மாப்பிள்ளையின் அம்மா. சொம்புத் தண்ணீரை எடுத்துப் பட்டு முந்தானையில் ஊற்றினார். ஜெரால்டு அவரை ஒரு கையால் அணைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தார். வேன் உறவு மொத்தமும் பின்னாலேயே ஓடியது. அது மிஷின் சத்தம்தான் என்று நன்றாகத் தெரிந்த பிலோமினா அத்தையும் ஓடினாள், பஜ்ஜித் தட்டோடு. அவர்களைப் பார்த்துத் தெருவே கிளம்பியது. காற்றுக்கு எதிராக ஓட வேண்டும் என்று ஒருவர் கத்தினார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதில் கருத்து வேறுபாடு ஏற்பட்டு, கடற்கரைப் பக்கம் ஓடிய கூட்டமும் ஹைரோடு பக்கம் ஓடிய கூட்டமும் தெருமுனையில் மோதிக்கொண்டன.

நான் ஓடவில்லை. ஓடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நானும் காஸ் என்றே நம்பிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நானே நடத்தும் காஸ் ஒத்திகை ஞாபகம் வந்தது. கொடியில் கிடந்த துண்டை எடுத்தேன். வாளியில் முக்கினேன். நைனாவின் மூக்கையும் வாயையும் சேர்த்து, பின்னந்தலையில் இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டினேன். ஏற்கனவே காற்றுக்குத் தவித்துக்கொண்டிருந்த மனிதருக்கு. நைனா கையை ஆட்டினார். பயப்படுகிறார் என்று நினைத்து இன்னும் இறுக்கினேன். உள்ளறையை நோக்கி விரலை நீட்டினார்.

"உள்ள யாரும் இல்ல நைனா. எல்லாரும் தப்பிச்சிட்டாங்க. நீ பயப்படாத" என்றேன்.

துண்டுக்கு மேலே தெரிந்த அந்த இரண்டு கண்களை நான் எந்த ஜென்மத்திலும் மறக்க மாட்டேன். கோபமில்லை அதில். இவளுக்கா அறிவியல் சொல்லித்தர வேலை கொடுத்தார்கள் என்கிற ஆச்சரியம்தான் இருந்தது. அதற்கும் பின்னால் பயம் இருந்தது. நைனா பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்தத் தெருவிலேயே புத்தி கலங்காமல் இருந்த ஒரே ஆள் அம்மா. அவசரத்துக்கென்று சமையலறையில் வைத்திருந்த சின்ன சிலிண்டரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தவள், என் கைவேலையைப் பார்த்து அலறினாள்.

"அடிப்பாவி! மூச்சு முட்ற மனுசனுக்கு மூக்கக் கட்டி வெச்சிகினு நிக்கிறியே! அவுத்து வுடுடி!"

அவிழ்க்க வரவில்லை. ஈர முடிச்சு. நைனாவின் நகமெல்லாம் நீலமாகிவிட்டது. கொன்றுவிட்டேன், என் கையாலேயே கொன்றுவிட்டேன் என்று வாய்விட்டு அழுதேன். அம்மா என்னை ஒரு தள்ளு தள்ளிவிட்டு, துண்டை அப்படியே கழுத்துக்கு இழுத்து இறக்கி, சிலிண்டரைத் திறந்து டியூபை மூக்கில் வைத்தாள். ஒரு மூச்சு உள்ளே போனது. அப்புறம் இன்னொன்று. நாங்கள் இரண்டு பேரும் அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது வாசலில் தடதடவென்று சத்தம். ஜெரால்டு. தன் அம்மாவைத் தெருமுனையில் இறக்கிவிட்டு எண்ணிப் பார்த்திருக்கிறார், பெண்ணின் அப்பாவைக் காணோம். கூட்டத்துக்கு எதிராகத் திரும்ப ஓடி வந்திருக்கிறார், மூக்கில் கைக்குட்டைகூட இல்லாமல்.

"மாமா, கெட்டியா புடிச்சிக்கோங்க!" என்று நாற்காலியோடு நைனாவைத் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

"டேய்! எங்கடா இஸ்துகினு போற? டியூபு! டியூபுடா!" என்று கத்தினாள் அம்மா. (வருங்கால மாப்பிள்ளையை அம்மா டேய் போட்டது அதுதான் முதல் முறை. கடைசி முறை அல்ல.)

அவர் நாற்காலியை இறக்கி வைத்தார். சிலிண்டரைப் பார்த்தார். திரையை விலக்கி அலறிக்கொண்டிருந்த மிஷினைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "வஞ்சிரம்?" என்று மெதுவாகக் கேட்டார். நான் அழுதுகொண்டே தலையாட்டினேன்.

கரண்ட் வந்தது. அலறல் நின்றது. ஓடியவர்கள் ஈரத்துணியோடும் வசவுகளோடும் திரும்பி வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வாசலில் நின்று நைனாவையும், டியூபையும், அவர் கழுத்தில் மாலை மாதிரி தொங்கிய ஈரத்துண்டையும் பார்த்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்று அத்தை தலையில் கையை வைத்துக்கொண்டாள். நைனாதான் பேசினார், ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நின்று நின்று.

"போசொல்லோ... அம்மாவத் தூக்கினு ஓட்னாரு. வரசொல்லோ... தனியா ஓட்னாரு. பாருங்க... கொஞ்சங்கூட மூச்சு வாங்கல. நல்ல லங்ஸு. எனக்கு... சம்மதம்."

மாப்பிள்ளை வீட்டார்தான் சம்மதம் சொல்ல வேண்டிய இடம் அது. ஜெரால்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் அம்மா சிரிக்கவில்லை. ஈர முந்தானையோடு நைனாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"எங்க வூட்டுக்காரரும் இப்படித்தான் அண்ணே. பவர் ஹவுஸுல சாம்பல் லாரி ஓட்னாரு. கடைசில ஒரு வாய் காத்துக்கு இன்னா பாடு பட்டாரு தெரியுமா? எங்கிட்டயா இத மறைக்கறது? சொல்லியிருந்தா நானே டியூப புடிச்சிகினு பக்கத்துல குந்தியிருப்பேனே" என்று அழுதார். அன்று எங்கள் வீட்டில் அழாதவர் நைனா ஒருவர்தான். அழுவதற்கும் மூச்சு வேண்டுமே.

தவக்காலம் வந்துவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது என்பதால் அதற்கு முன்பே நாள் குறித்தார்கள். நைனா நடையைக் கூட்டினார். வாசல்படி போய், வாசலில் கோலம் போடும் இடம் வரை போய்த் திரும்புவார். கல்யாணத்தன்று சிலிண்டரைக் கூடவே உருட்டி வருவதாக அம்மா சொன்னாள். "சிலிண்டரோட போனா பொண்ணக் குடுக்க வந்தவன்னு நெனப்பாங்களா, காஸு டெலிவரிக்கு வந்தவன்னு நெனப்பாங்களா?" என்று மறுத்துவிட்டார். அம்மா அதை மறைத்து எடுத்துக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

வாசலில் நைனா என் கையைப் பிடித்தார். கீபோர்டு ஆரம்பித்தது. முதல் சில வரிசைகளைத் தாண்டும்போது நிமிர்ந்து, தெரிந்தவர்களுக்குத் தலையாட்டிக்கொண்டே வந்தார். பிறகு அவர் கை கனத்தது. நான் நடையைக் குறைத்தேன். கோயிலின் பாதியில் அவர் நின்றார். மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்க்கிற மாதிரி அண்ணாந்தார்.

"நைனா, சிலிண்டரக் கொண்டாரச் சொல்லவா?"

"வேணாம். இரு." அவர் நகங்கள் என் கையில் பதிந்தன. "முடில கண்ணு."

கோயில் நிறைய ஆட்கள். எல்லார் கண்ணும் எங்கள் மேல். யாரும் பார்க்கக் கூடாது என்று அவர் எவ்வளவு வேண்டியிருப்பார் என்று எனக்குத் தெரியும். நான் பீடத்தைப் பார்த்தேன். அங்கே நின்றிருந்த ஜெரால்டு படியிறங்கிவிட்டார். மாப்பிள்ளை அங்கேயே நின்று காத்திருக்க வேண்டும் என்பது முறை. அவர் விடுவிடுவென்று எங்களை நோக்கி நடந்து வந்தார்.

"மாமா, அதுவரைக்கும் எனக்குப் பொறுக்கல. இங்கயே குடுத்துடுங்க, நான் கூட்டினு போறேன்" என்றார், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.

கோயிலே கொல்லென்று சிரித்தது. சாமியார் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா, "மானத்த வாங்கறான் பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்தச் சிரிப்புச் சத்தத்தில் நைனா என் கையை எடுத்து ஜெரால்டின் கையில் வைத்துவிட்டு, பக்கத்து பெஞ்சின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்துகொண்டார். எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா பக்கவாட்டு வழியாகச் சிலிண்டரோடு போனதை ஒருவரும் கவனிக்கவில்லை.

அந்த வருஷம் மழை ஆரம்பிக்கும் முன்பே நைனா போய்விட்டார். இருந்தவரை அந்தக் கதையை வந்தவர் போனவர்களிடமெல்லாம் அவரே சொன்னார். "எம்மாப்ள கீறாரே, அவுருக்குப் பொறும... கொஞ்சங்கூட கெடையாது" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் ஜெரால்டின் முகத்தைப் பார்க்க மாட்டார்.

அடக்கத்தன்றும் பிலோமினா அத்தை அழுகைக்கு நடுவில் வந்தவர்களிடம் அதையே சொன்னாள். "பாவி மனுசன், ஆசையா பொண்ணக் கூட்டினு நடந்தாரு. இந்த அவசரம் புடிச்ச புள்ளதான் எங்கண்ணனப் பாதியிலயே உக்கார வெச்சிட்டான்." சாவு வீட்டிலும் நாலு பேர் சிரித்தார்கள். பெட்டியின் தலைமாட்டில் நின்றிருந்த ஜெரால்டு தலையைச் சொறிந்துகொண்டு, "ஆமா அத்தை, தப்புதான்" என்றார்.

இன்று வரை எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் எங்கள் சொந்தக்காரர்கள் அவரை அப்படித்தான் கேலி செய்கிறார்கள். அவசர மாப்ள என்றே பெயர் நிலைத்துவிட்டது. என் மாமியாரிடம்கூட அவர் உண்மையைச் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. எல்லாரோடும் சேர்ந்து சிரிக்கிறேன். இவர் மட்டும் அவசரப்படாமல் இருந்திருந்தால் நைனா அன்று பீடம் வரைக்கும் நடந்திருப்பார் என்றே அவர்கள் எல்லாரும் நம்புகிறார்கள்.